விண்கப்பலில் வேலை பார்த்த அப்பா

காது மருந்து வாங்கப் போன இடத்தில் என்னை நினைவு தப்பிய கிழவன் என்று முடிவு செய்துவிட்டார்கள். போன மாதம், சிங்கப்பூரில் தெம்பனிஸ் வட்டாரக் கடைத்தொகுதி ஒன்றில் இருக்கும் மருந்துக்கடை. பேத்தி இனியாவுக்குக் காலையிலிருந்து காதுவலி. மருந்தின் பெயர், அளவு, குழந்தையின் எடை எல்லாம் எனக்குத் தெரியும். கவுன்டரில் நின்ற சீனப் பெண் கணினியிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தாள். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. அதன் தொனியை மட்டும், இந்த ஊர்க்காரர்கள் பேச்சின் கடைசியில் ஒட்டும் 'லா'வோடு, தமிழில் தருகிறேன்.

"இதுக்கு டாக்டர் சீட்டு வேணும் அங்கிள்."

"நானே டாக்டர்தான்."

"ஓ, சாரி டாக்டர். எந்த கிளினிக்?"

"கப்பலில் இருந்தேன்."

"அந்தக் கப்பல் எங்க நிக்குது?"

"தெரியாதும்மா. இந்நேரம் உடைத்திருப்பார்கள்."

அவள் முகம் மெல்ல மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அங்கிள், வீட்ல யாரு இருக்காங்க? போன் நம்பர் ஞாபகம் இருக்கா? இப்படி உட்காருங்க லா." நாற்காலி வந்தது. காகிதக் குவளையில் தண்ணீரும் வந்தது. விளக்கிச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு அன்பாகக் கொடுத்ததை மறுக்க மனம் வராமல் குடித்துவிட்டு, வெறுங்கையுடன் வீடு திரும்பினேன்.

ஊரில் இதை வாசிப்பவர்கள் சிரிக்கக்கூடும். பாளையங்கோட்டையில் எந்த மருந்துக்கடையிலும் நான் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு வணக்கமும் சொல்வார்கள். சொல்லப்போனால், டாக்டர் அல்லாதவர்களுக்கும் அங்கே அதே மருந்து கிடைக்கும், வணக்கம் மட்டும் இருக்காது. இங்கே விதி எல்லோருக்கும் ஒன்றுதான். நல்ல விதி. அது நல்ல விதி என்பது எனக்குப் புரிய என் மகளின் ஒரு காது போக வேண்டியிருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பாளையங்கோட்டையில் மருத்துவம் படித்து முடித்ததும் பயணிகள் கப்பல் ஒன்றில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை கடலிலேயே இருந்தேன். கப்பல் சிங்கப்பூருக்கு வந்துபோகும் நாட்களில் சிராங்கூன் ரோட்டில் சாப்பிட இறங்குவோம். அப்படித்தான் பத்மாவைப் பார்த்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், அஞ்சலகத்தில் வேலை. கல்யாணமாகி புக்கிட் பாத்தோக்கில் வீடு வாங்கினோம். இந்த நாட்டில் தொழில் செய்ய என் பட்டம் செல்லாது என்று முன்பே தெரியும். தெரிந்திருந்ததால் வலி குறைந்துவிடவில்லை. கப்பலில் வெள்ளைச் சீருடையில் நடந்தால் காப்டன்கூட வழிவிடுவார். கரையில் கால் வைத்ததும் நான் வெறும் 'ஷிப் அங்கிள்'. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் ரொம்ப நாள் என்னைக் கப்பல் சமையல்காரன் என்றே நினைத்து, பிரியாணிக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. தோராயமாகச் சொல்லிவைத்தேன்.

கப்பல் மருத்துவனின் தொழில் ஒரே கேள்வியில் அடங்கிவிடும்: அடுத்த துறைமுகம் வரை தாங்குமா? யாருக்கு என்ன வந்தாலும் காப்டன் அதைத்தான் கேட்பார். தாங்காது என்று சொன்னால் ஆயிரக்கணக்கான பயணிகளோடு கப்பலைத் திருப்ப வேண்டும். தாங்கும் என்று சொன்னால் அந்த உயிர் என் பொறுப்பு. அந்தக் கணிப்பில் நான் கெட்டிக்காரன். சலவைக்கூடத்தில் இந்தோனேசியாவின் சுராபாயாக்காரர் ஒருவர் குடலிறக்கத்தைத் துண்டால் இறுகக் கட்டி மறைத்துக்கொண்டு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். அவர் ஒரு பக்கமாகவே சாய்ந்து தூக்குவதைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். துறைமுகம் வரும்வரை தினமும் அவருடைய கட்டிலருகே போய் உட்கார்ந்திருப்பேன். பெயர் தெரியாத நாடுகளின் பிள்ளைகளுக்கெல்லாம் அங்கே நான் தகப்பனாக இருந்தேன்.

என் மகள் மாலினிக்கு ஏழு வயதில், பள்ளியில் அப்பாவின் வேலையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவள் எழுந்து நின்று, "என் அப்பா விண்கப்பலில் டாக்டர். அவர் வேறு கிரகத்தைச் சேர்ந்தவர். எப்போதாவது பூமிக்கு வருவார். வந்தால் எங்கள் வீட்டில் சுவிட்சு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது" என்று சொன்னாளாம். பத்மா போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதிகாரிகளின் உணவு மேசையில் பல வருடங்கள் இதை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். காப்டன் என்னை 'ஏலியன் டாக்டர்' என்றே கூப்பிட ஆரம்பித்தார். அந்தக் குழந்தை கதை விடவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கிறாள் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அவளுக்கு ஒன்பது வயதானபோது இடது காதில் வலி வந்தது, கொஞ்சம் சீழும். பத்மா கப்பலுக்குப் போன் செய்தாள். "கீழ கிளினிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமாங்க?" எங்கள் அடுக்குமாடி பிளாக்கின் கீழ்த்தளத்திலேயே, காப்பிக்கடைக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக் இருந்தது. லிஃப்டில் இறங்கினால் போதும். நான் வேண்டாம் என்றேன். வீட்டில் வைத்திருந்த சொட்டு மருந்தைப் போடு, அடுத்த முறை சிங்கப்பூர் வரும்போது நானே பார்க்கிறேன் என்றேன். சில நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள். பிள்ளை தூங்கவில்லை என்றாள். "நான் டாக்டரா, அவன் டாக்டரா?" என்று கத்திவிட்டு போனை வைத்தேன்.

அடுத்த துறைமுகம் வரை தாங்கும் என்பது கடலில் நான் கற்ற கணக்கு. சுற்றிலும் தண்ணீர், வேறு டாக்டர் கிடையாது என்ற இடத்தில்தான் அது செல்லும். கீழ்த்தளத்திலேயே டாக்டர் உட்கார்ந்திருக்கும் வீட்டில் அதைப் போட்டேன். ஏன் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். கீழே இருந்தவருக்கு வாசலில் பெயர்ப்பலகை இருந்தது. இந்த மண்ணில் என்னை டாக்டர் என்று ஏற்றுக்கொண்ட ஒரே இடம் என் வீடு. அதையும் அவரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு காலையில் மாலினி தலைசுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். பத்மா என்னைக் கேட்காமல் டாக்ஸி பிடித்து மருத்துவமனைக்கு ஓடினாள். சீழ் உள்காதில் இறங்கியிருந்தது. அறுவை செய்து பிள்ளையைக் காப்பாற்றினார்கள், அந்தக் காதைக் காப்பாற்ற முடியவில்லை. நான் சிங்கப்பூர் திரும்பியதும் மறுபரிசோதனைக்கு மூவரும் போனோம். ஏன் இத்தனை தாமதம் என்று அந்த மருத்துவர் கேட்டார். பத்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "டாக்டர், நான்தான் சாதாரண வலின்னு விட்டுட்டேன்" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. மாலினி எங்கள் நடுவில் உட்கார்ந்து, கேட்கிற காதால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அது அம்மாவின் தப்பு. பத்மா இறந்து, நான் மாலினியின் தெம்பனிஸ் வீட்டுக்கு வந்து சில வருடங்கள் ஆகியும் அப்படியேதான் இருந்தது. போன மாதம் மருந்துக்கடையிலிருந்து நான் வெறுங்கையுடன் வந்தபோது, மாலினி இனியாவைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திருந்தாள். வெளியே நல்ல மழை.

"எங்கப்பா போனீங்க? கிளினிக் போறோம். அந்தக் குடையைத் தாங்க."

"மழை விடட்டுமேம்மா..."

"வெயிட் பண்றதெல்லாம் எங்கம்மாவோட போகட்டும்ப்பா. நான் அப்படிப்பட்ட அம்மா இல்ல."

லிஃப்டுக் கதவு மூடிக்கொண்டது. குடை என் கையிலேயே இருந்தது.

இனியாவுக்கு மூன்று நாளில் சரியாகிவிட்டது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பத்மாவின் திதிக்குச் சாமான் வாங்க ஞாயிற்றுக்கிழமை மாலினியும் நானும் தேக்கா சந்தைக்குப் போனோம். வாழை இலை, வெற்றிலை, தேங்காய் வாங்கியபின் சாப்பாட்டுக்கடைகளின் நடுவே ஒரு மேசையில் உட்கார்ந்தோம். அவளுக்குத் தோசை, எனக்குத் தேநீர். நான் அவளுடைய இடப்பக்கம் உட்கார்ந்து, குவளையைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன்.

"என்னப்பா முணுமுணுக்கிறீங்க? அந்தப் பக்கம் உட்காராதீங்கன்னு எத்தனை தரம் சொல்றது? டாக்டருக்குப் படிச்சேன்னு வெளிய சொல்லிடாதீங்க லா, சிரிப்பாங்க."

குவளையை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் மாறினேன்.

"அம்மா அன்னைக்கே உன்னை கிளினிக்குக் கூட்டிட்டுப் போறேன்னுதான் சொன்னா. நான்தான் வேண்டாம்னேன்."

"எப்போ?"

"போன்ல. ரெண்டாவது தடவை அவளைத் திட்டினேன்."

"ஏன்?" காய்கறிக்கடையில் விலை கேட்பது போலத்தான் கேட்டாள்.

கீழே இருந்த பெயர்ப்பலகையைப் பற்றிச் சொன்னேன். ஒரு கிழவன் வாயிலிருந்து வரும்போது அது எத்தனை அற்பமான காரணமாக இருந்தது! பக்கத்து மேசைக்காரர் எங்களிடம் ஒரு நாற்காலியைக் காட்டி, "ஆள் இருக்கா சிஸ்டர்?" என்றார். "எடுத்துக்குங்க அண்ணே" என்றாள். பிறகு பிய்த்த தோசையைத் தட்டிலேயே வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில அம்மா கடைசியா இருந்தப்ப, பெல் அடிச்சா நர்ஸ் வரமாட்டேங்குறாங்கன்னு சொன்னாங்க. நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நான் வலிக்குதுன்னு அழுதப்ப நீங்களும் இப்படித்தானே கண்டுக்காம இருந்தீங்கன்னு அம்மாகிட்ட சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. ஆமாம்மான்னாங்க."

"ஆமா."

"நீங்க அந்த ரூம்லயே இருந்தீங்கப்பா."

"இருந்தேன்."

மன்னிப்பு என்ற சொல்லை வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அதை யாரிடம் கொடுப்பது? வாங்க வேண்டியவள் போய்விட்டாள். மாலினியும் தன் அம்மாவிடம் ஒரு மன்னிப்பு கேட்டிருக்க வேண்டும், அந்த வாய்ப்பையும் நான்தான் எடுத்துக்கொண்டேன்.

மாலினி எழுந்து பஃபலோ ரோட்டுப் பூக்கடைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வருடமும் பத்மாவின் படத்துக்கு இரண்டு முழம் வாங்குவாள், போதும் என்பாள். அன்றைக்குக் கடையில் தொடுத்து வைத்திருந்த மல்லிகை முழுவதையும் கேட்டாள். "என்னக்கா, வீட்ல கல்யாணமா?" என்று பூக்காரப் பெண் சிரித்தாள். "இல்ல. அம்மாவுக்கு" என்று சொல்லிப் பணத்தை நீட்டினாள் மாலினி.

திரும்பும் ரயிலில் கூட்டம். யாரோ ஒரு பையன் எழுந்து இடம் தந்தான். மாலினி என் தோளைத் தொட்டு உட்காரவைத்தாள். பூப்பையை என் மடியில் வைத்தாள். கூட்டம் என்மேல் சாயாதபடி எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்கும்போது கொஞ்சம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய இடது காது என் பக்கம், வலது காது ரயில் முழுவதன் பக்கம். வழக்கமாக அப்படி நிற்கமாட்டாள். நான் ஏதாவது சொன்னாலும் அவளுக்குக் கேட்காது, கேட்க வேண்டாம் என்றுதான் நின்றாள். ஆனால் வண்டி குலுங்கிய ஒவ்வொரு தடவையும் அவள் கை கம்பியிலிருந்து இறங்கி என் தோளுக்கு வந்துவிட்டுப் போனது. தெம்பனிஸ் வரும்வரை பத்மாவின் பூ நசுங்காமல் பையைப் பிடித்துக்கொண்டு, என் மகளுக்குக் கேட்காத பக்கத்தில், அவள் கைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன்.