எந்த ஓட்டம் நின்றது?

ஓட்டக்காரம்மா, 1951–2019. அணு உலைப் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தின் கணிப்பொறிப் பிரிவில் முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். மாடிப்படி ஏறவே இருமுறை யோசிக்கும் உடல்வாகு. நிரல்களை ஓட்டுபவர் என்பதால் மட்டுமே அப்பெயர் அமைந்தது.

உலையின் உட்பகுதி என்றேனும் உருகி வழிந்தால், அந்த உலோகக் குழம்பு அடித்தளத்தில் எதுவரை பாயும், எங்கே இறுகி உறையும் என்று கணிப்பதே அவர் வேலை. உலையை உருக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள எவரும் அனுமதிக்க மாட்டார்கள்; ஆதலால் அவர் அதை எண்களில் உருக்கினார். கணிப்பொறிகளின் நலனுக்காக அந்த அறையை ஓயாமல் குளிரூட்டியிருந்தார்கள். உலகிலேயே ஆகக் கொடிய கொதிப்பை அவர் கம்பளிச் சட்டையும் காலுறையும் அணிந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே கவனித்தார்.

பிரிவுத் தலைவர் அவருடைய கணவரின் தம்பி. அலுவலகத்தில் அண்ணியை 'மேடம்' என்றே அழைப்பார். பயம் வந்தால் மட்டும் உறவுமுறை வாய்தவறி வந்துவிடும்.

அப்பிரிவில் ஒரு பேச்சுவழக்கு இருந்தது. உலோகம் பாய்வதும் ஓட்டம். நிரல் இயங்குவதும் ஓட்டம். புதிய உலையின் அடித்தள வரைபடம் ஒப்புதலுக்கு வந்த நாள்வரை அதனால் ஒரு கெடுதலும் நேரவில்லை.

அன்று மாடியில் வல்லுநர் குழு கூடியிருந்தது. கேள்வி ஒன்றே: உலோகம் வெளிச்சுவரைத் தொடுமுன் உறையுமா? தொட்டால் சுவரை அரித்துவிடும், வரைபடம் செல்லாது. கீழே கணக்கு முடியும் தறுவாயில், குளிர்சாதனத்தைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக் தவறான சுவிட்சை அணைத்தார். திரை இருண்டது. தொலைபேசி அலறியது.

"மேடம், என்ன ஆச்சு? எல்லாரும் என் மூஞ்சியவே பாத்திட்டிருக்காங்க."

"என்னத்தச் சொல்ல! ஓட்டம் நின்னுடுச்சு."

"அப்பாடா! வயித்துல பால வார்த்தீங்க!"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. மெக்கானிக்கைத் திட்டத் தொடங்கிய ஓட்டக்காரம்மா பாதியில் நிறுத்தினார். "மெஷின் படுத்துடுச்சுன்னா மேல இருக்கறவரு எதுக்குக் குளிர்ந்து போறாரு?" என்று மெக்கானிக்கிடமே கேட்டார். கேட்டு முடிக்குமுன் அவருக்கே விடை தெரிந்துவிட்டது. திரும்ப அழைத்தால் மேலே எவரும் எடுக்கவில்லை. கம்பளிச் சட்டையோடு படியேறினார்.

கதவைத் தள்ளியபோது குழுத் தலைவர் பேனாவைத் திறந்திருந்தார்.

"சார், கையெழுத்துப் போடாதீங்க! நின்னது உலோகம் இல்ல, மெஷினு!"

பிரிவுத் தலைவரின் முகம் வெளிறியது. "அண்ணி! இப்பத்தானே நின்னுடுச்சுன்னீங்க?"

"எதுன்னு கேட்டீங்களா? பாதியக் கேட்டதும் போன வச்சிட்டீங்க. வீட்லயும் இதே கதைதான்."

"இது வீட்டு விஷயமா, உலை விஷயமா?" என்றார் குழுத் தலைவர். "சரி, உலோகம் இப்ப எங்கம்மா இருக்கு?"

"நடுவழியில நிக்குது சார். உறையவும் இல்ல, பாயவும் இல்ல. கரண்ட்டு வந்தாத்தான் அதுக்கே தெரியும்."

பேனா மூடப்பட்டது.

மறுபடி கணக்கிட்டபோது, பாலில் படிவதுபோல் உலோகத்தின் மேல் ஏடு படிந்தது. எல்லாம் அடங்கியதாகவே தோன்றியது. ஆனால் ஏட்டுக்கு அடியில் குழம்பு மெல்ல நழுவிச் சென்று சுவரைத் தொட்டது.

"தூங்கற மாதிரி நடிச்சிட்டு, போர்வைக்குள்ள கால நீட்டுது பாருங்க," என்றார் ஓட்டக்காரம்மா.

தரையை அகலமாக்கி வரைபடம் திருத்தப்பட்டது. அடுத்த கணக்கின்போது பிரிவுத் தலைவர் தொலைபேசியை நம்பவில்லை. கீழே வந்து, பல் கிட்டிக்க நின்றார்.

"எது நின்னுச்சு, அண்ணி?"

"உலோகம்."

"மெஷினு?"

"அது பாட்டுக்கு ஓடுது."

"ஏட்டுக்கு அடியில?"

"கல்லு மாதிரி கெடக்கு. போய்க் கையெழுத்து வாங்குங்க."

உலை அந்த அகலமான தரையின்மேல் எழுந்தது. பல ஆண்டுகள் கழித்து, அடுத்த உலைக்கு இத்தரையைச் சிக்கனம் கருதிச் சற்றே குறுக்கலாமா என்று வடிவமைப்புப் பிரிவு கேட்டது. ஓட்டக்காரம்மா, 'கூடாது, ஐயமிருப்பின் சுவரைக் கேட்டுக்கொள்ளவும்' என்று எழுதிக் கையொப்பமிட்டார். அந்த அலுவலகத்தில் அவர் கடைசியாக எழுதியது அதுவே: 30 ஜூன் 2011.