அம்மாள் வாசலில் காய்ந்த வேப்பிலை

போன ஆடி மாதம் எங்கள் பசுவுக்கு அம்மை கண்டது. எங்கள் ஊரான புத்தூரில் அப்போது பல வீடுகளில் மாடுகளுக்கு அதே வருத்தம். உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வந்து, உடைந்து புண்ணாகியது. அந்தப் பசுவின் பாலில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. எனக்கும் என் கணவருக்கும் வேறு பிழைப்பு இல்லை.

மாட்டு டொக்டர் வந்து பார்த்தார். “உந்த வருத்தத்துக்கு மருந்தெண்டு ஒண்டும் இல்லை, தங்கச்சி. ஈ மொய்க்காமல், புண்ணில புழு வைக்காமல் பாருங்கோ” என்றார்.

கணவர் புண்ணைத் தொடவே விடவில்லை. “அம்மாள் வந்து நிக்கிறா. மருந்து போட்டால் கோவிப்பா.” தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற மனிதர் அவர். நானும் அம்மாளுக்குப் பயந்தவள்தான். அவர் சொன்னபடியே விட்டுவிட்டேன்.

அதன் கன்றுக்கும் தொற்றியது. புண்ணில் புழு வைத்து, தாயின் காலடியிலேயே கிடந்து செத்தது. பசு அதை நக்கிக்கொண்டே நின்றது. பிறகு பசுவும் எழும்பாமல் படுத்துவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மன் கோவிலுக்குப் போனேன். அர்ச்சனை செய்யக்கூட மனம் வரவில்லை. “தாயே, நீதான் வந்து நிற்கிறாய் என்றால் வழியையும் நீயே சொல்லு. பசுவையும் கொண்டுபோகாதே” என்று அழுதேன்.

அழுது முடித்து வாசலுக்கு வந்தால், பூசாரி அண்ணை வைகாசிப் பொங்கலுக்குக் கட்டிய வேப்பிலைத் தோரணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இலையெல்லாம் சருகாகக் காய்ந்திருந்தது. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“உந்த வேப்பிலையைக் கொண்டு போ, பிள்ளை. இடிச்சு மஞ்சளோடை புண்ணில தூவு. மிச்சத்தைக் கொட்டிலில புகை போடு, ஈ அண்டாது. இது அம்மாளின்ரை வேப்பிலை. அவ ஏன் கோவிக்கப்போறா?”

வீட்டுக்கு வந்து, அவர் சொன்னதைச் சொல்லி, தோரணத்தைக் கணவர் முன் வைத்தேன். அவர் ஒரு சருகை எடுத்துக் கையில் நொறுக்கினார். “கண்டுக்குட்டிக்கும் போட்டிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். பிறகு உரலைத் தானே துடைத்து இடிக்கத் தொடங்கினார்.

உப்புநீரில் புண்ணைக் கழுவித் தூள் போட்டோம். விடியவும் பொழுதுபடவும் புகை போட்டோம். புண் மெல்ல மெல்ல வறண்டது. ஆவணி பிறக்க, பசு எழுந்து நின்று வைக்கோல் தின்றது.

பால் முன்போல இல்லை. கன்றை நினைத்தால் இன்னும் நெஞ்சு எரிகிறது. ஆனாலும் அம்மாள் என் அழுகையைக் கேட்டாள், அவளுக்கு என் நன்றி. இப்போது ஊரில் எந்த மாட்டுக்கு அம்மை கண்டாலும் என் கணவர் வேப்பந்தூளோடு போய் நிற்கிறார்.

அடியார்களே, வருத்தம் வந்தால் அவளிடம் அழுங்கள். மருந்து போடும்போதும் அவளை நம்பியே போடுங்கள். எங்களுக்கு அந்த நம்பிக்கை கன்று போன பிறகுதான் வந்தது.