வாசப்படிக்கு வெளியே ஒரு நாற்காலி

அக்டோபர் மாதக் கடைசி நாள் அமெரிக்காவில் பிள்ளைகளுக்குப் பேய்த் திருநாள். ஹாலோவீன் என்பார்கள். பேய், சூனியக்காரி, எலும்புக்கூடு என்று வேஷம் கட்டிக்கொண்டு, இருட்டியதும் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். வாசல் விளக்கு எரிகிற வீட்டுக்குத்தான் போகலாம். அணைந்திருந்தால் தொந்தரவு செய்யக்கூடாது. இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தது, அப்போது இரண்டாம் வகுப்பு படித்த என் மகள்தான்.

எடிசன் என்ற ஊரில் நாங்கள் தனி வீட்டுக்குக் குடிவந்த வருஷம் அது. அதற்கு முன் இருந்தது அபார்ட்மெண்டில் மூன்றாம் மாடி. யாரும் படியேறி வந்ததில்லை.

"இந்த வருஷம் என் கிளாஸ் முழுக்க நம்ம வீட்டுக்கு வரும்ப்பா. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள் மகள். கறுப்புக் காகிதத்தில் கூம்புத் தொப்பி செய்து போட்டுக்கொண்டு, கிண்ணம் நிறைய சாக்லேட்டோடு சாயங்காலமே கதவருகில் உட்கார்ந்துவிட்டாள்.

மணி அடித்தது. இரண்டு பேய்கள், ஒரு கடற்கொள்ளைக்காரன். என் மனைவி கதவை அகலத் திறந்து, "கம் இன், கம் இன்" என்றாள். வாசப்படிக்கு உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக நின்று கொடுப்பதோ வாங்குவதோ எங்களிடம் வழக்கமில்லை. பிள்ளைகள் மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். தெருவில் நின்ற அவர்களின் அப்பா, "நோ, தேங்க்யூ" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்தவர்களும் அப்படியே. தெரியாதவர் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்பதுதான் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் பாடம்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, ஜஸ்ட் கிவ் இட்! நாளைக்கு ஸ்கூல்ல எல்லாரும் நம்ம வீட்ட வியர்டுன்னு சொல்லுவாங்க."

"வாசப்படில நிக்கவெச்சு நீட்டறதா? பிச்சையா போடறோம்? என்னங்க, நீங்களே சொல்லுங்க."

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. நான் போய் மடக்கு நாற்காலியை எடுத்துவந்து வாசலுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தேன்.

"குடுக்கறவனும் வெளிய, வாங்கறவங்களும் வெளிய. இப்ப சரியா?"

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "நடுவுல வாசப்படி இல்ல. அப்ப சரி. பனி இறங்குது, குல்லாயப் போட்டுக்குங்க."

அந்தக் குல்லாயையும் படி தாண்டி வந்துதான் கொடுத்தாள். மகள் கிண்ணத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

தெருமுனையிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. முன்னால் எலும்புக்கூடு வேஷத்தில் ஒரு பையன். மகளின் வகுப்புதான். வேட்டி, அதன்மேல் ஸ்வெட்டர், காதையும் கழுத்தையும் மூடிய மங்கி குல்லாய் என்று உட்கார்ந்திருந்த என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீங்க என்ன வேஷம்?" என்று இங்கிலீஷில் கேட்டான்.

மகள் கிண்ணத்தை நீட்டினாள்.

"ஹீ இஸ் மை டேட். டேக் டூ."

அவன் இரண்டு எடுத்துக்கொண்டான்.