இருபத்து மூன்றாவது படத்தில் அர்ச்சுனன்

நம்ப மாட்டீர்கள், தெரியும். நானும் முதலில் எங்கள் ரப்பர் தோட்டத்து நீலாவதியைக் கேலிதான் செய்தேன். ஆனால் இது போன நவம்பரில், அம்பாங்கானில், பட்டப்பகலில் நடந்தது. நானாக ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

தலைநகரில் நம் ஆட்கள் திரண்டு, போலீஸ் கண்ணீர்ப்புகையும் தண்ணீரும் அடித்துக் கலைத்த 2007 பேரணியின் புகைப்படக் கண்காட்சி அது. கடை வரிசைக்கு மேலே ஒரு மாடி மண்டபம். படங்களை எடுத்தவர் சசிதரன், எங்கள் தோட்டத்துப் பக்கத்து ஆள். நீலாவதி அரசியலுக்காகப் போகவில்லை. அந்தப் பேரணிக்குப் பஸ் ஏறப் போகிறேன் என்று விடியற்காலையில் கிளம்பிய அவள் கணவன் அர்ச்சுனன் இன்றுவரை வீடு திரும்பவில்லை. போலீசில் சொல்லியும் துப்பில்லை. "ஜொகூர்ல எவளோடயோ குடும்பம் நடத்துறான்லா" என்று ஊர் கூசாமல் பேசியது. பதினெட்டு வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு நொந்துபோனவள் அவள். ஒரே ஒரு படத்தில் அவன் முகம் இருந்தால் போதும், ஊர் வாயை அடைத்துவிடலாம்.

மணி 3.10. வெளியே நல்ல மழை. வாசல் மேசையில் சசிதரன். உள்ளே அவள் மட்டும்.

ஒவ்வொரு படமாக, ஒவ்வொரு முகமாகத் தேடினாள். இருபத்திரண்டு படங்கள் முடிந்தன. அவன் இல்லை.

இருபத்து மூன்றாவது படம். புகை. கூட்டம். நடுவில் கோடு போட்ட சட்டையில் ஒருவன், முதுகைக் காட்டிக்கொண்டு... அந்தச் சாய்ந்த தோள் அவளுக்குத் தெரியாதா?

3.24. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இப்போது அவன் பக்கவாட்டில் நின்றான்.

முதலில் முதுகுதானே தெரிந்தது...?

கண் எரிந்தது. தொண்டை கமறியது. ஜன்னல்கள் எல்லாம் மூடித்தான் இருந்தன.

டப்... டப்...

படச் சட்டத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஏங்க...?"

அவன் திரும்பினான்.

அவளைப் பார்த்தான்.

அலறிவிட்டாள். சசிதரன் ஓடி வந்தார்.

"என்னாக்கா?"

"இங்க... என் வீட்டுக்காரரு. கூட்டத்துக்கு நடுவுல."

"எந்தக் கூட்டம்?" அவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது பேரணிப் படமே இல்லக்கா. அன்னிக்கி பஸ் ஏறுன எடம் இப்ப எப்படி இருக்குன்னு போன மாசம் எடுத்தது. ஒங்க தோட்டத்து முச்சந்திதான். ஆளே இல்ல, பாருங்க."

பார்த்தாள். வெறும் ரோடு. ஒரு விளக்குக் கம்பம். தரையில் சொட்டு ஈரம்கூட இல்லை.

அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். பயமா, ஏமாற்றமா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் திங்கள். காலை 5.50. சுங்கை காடுட் ஃபேக்டரிக்கு வேன் பிடிக்க அவள் அதே முச்சந்தியில்தான் நின்றாக வேண்டும். இத்தனை வருஷமும் அங்கேதான் நிற்கிறாள், தன்னந்தனியாக. வேனில் ஏறும் முதல் ஆளும் அவள்தான்.

வேன் வந்தது. பாய்ந்து ஏறிக்கொண்டாள். டிரைவர் முருகையா வெளியூர்க்காரர்; மூன்று வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறார்; அநாவசியமாக வாய் திறக்காதவர். அன்று வண்டியை எடுக்காமல் வெளியே எட்டிப் பார்த்தார்.

"என்னாக்கா, இன்னிக்கி ஒங்க வீட்டுக்காரரக் காணோம்?"

"யாரு...?"

"தெனமும் ஒங்கள ஏத்திவிட வந்து பின்னால நிப்பாரே. பேசவே மாட்டாரு. வேன் மறையிற வரைக்கும் பாத்துக்கிட்டே நிப்பாரு. மழையானாலும் ஒரு நாள் தவறுனதில்லியே..."