பித்தளைக்காரர் தட்டாமல் விட்ட சுவர்

ஊரில் அவருக்குப் பித்தளைக்காரர் என்று பெயர். அலுவலகங்களின் உள்சுவரில் புடைத்து நிற்கிற எழுத்துகளை வெட்டி ஒட்டுவது தொழில். பள்ளிக்கூடத்தை அவர் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் வெளியிலிருந்துதான். இன்றைக்கு அதே பள்ளிக்கூடத்து முன்கூடத்தில் மின்னுகிற எழுத்து அவர் கையால் வெட்டியது. சும்மா வந்துவிடுமா அந்தப் பெயர்?

தகடு வாங்கப் போனால் முதலில் விலை கேட்கமாட்டார். விரல் முட்டியால் ஒரு தட்டு. காதை வைத்துக் கேட்பார். கணீரென்றால் வண்டியில் ஏறும். மந்தமாகக் கேட்டால், "இதை உங்க வீட்டுக் கோழிக்கூண்டுக்கு வெச்சுக்குங்க" என்று கடைக்காரரிடமே சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். அவர் தலையைக் கண்டதுமே தகட்டுக் கடைக்காரர்கள் மட்டமான சரக்கை உள்ளே தள்ளுவார்கள்.

வாய்தான் கொஞ்சம் நீளம். மனைவியின் தம்பி, தெர்மோகோல் மாதிரி லேசான நுரைப் பலகை விற்கிற கடை திறந்த அன்று, வந்தவர்கள் முன்னாலேயே, "கேக் வைக்கிற அட்டைக்கு ஒரு கடையா மச்சான்?" என்று கேட்டுவிட்டார். அதோடு அவன் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அன்றிலிருந்து அக்கா டீ டம்ளரை அவர் முன்னால் 'ணங்' என்று வைக்க ஆரம்பித்தாள். அந்த 'ணங்' கேட்டுக் கேட்டு அவருக்கு டீயே கசந்துபோயிற்று.

இப்படி இருக்கையில்தான் புதிய கண் மருத்துவமனையின் வரவேற்பு அறை வேலை வந்தது. நல்ல கனமான பித்தளை. தூக்கினால் கை இறங்கும். முதல் எழுத்தை ஒட்டிவிட்டு, பின்னால் நகர்ந்து ரசித்தார். சுவர் பெருமூச்சு விட்டது மாதிரி ஒரு சத்தம். பூச்சோடு பிய்த்துக்கொண்டு எழுத்து தரையில் விழுந்தது. ஓடிப்போய்ச் சுவரைத் தட்டினார். டொப். உள்ளே வெற்றிடம், செங்கல் இல்லாத வெறும் தடுப்பு அட்டை. ஊரிலுள்ள தகட்டையெல்லாம் தட்டித் திரிந்த மனிதர், சுவரைத் தட்ட மறந்துவிட்டார்!

மறுநாள் திறப்பு விழா. எழுத்து நிற்காவிட்டால் பித்தளைக்காரர் என்ற பெயரும் சேர்ந்தே விழும். வழி ஒன்றுதான்: எழுத்தின் உடம்புக்கு லேசான நுரைப் பலகை, மேலே மெல்லிய பித்தளைத் தோல். வேறொரு கடையில் பலகை வாங்கி வெட்டிப் பார்த்தார். ஓரமெல்லாம் காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்தது. உதிராத பலகை யாரிடம் இருக்கிறது என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

கௌரவத்தை மென்று விழுங்கிக்கொண்டு மச்சான் கடையில் போய் நின்றார்.

"வாங்க அத்தான். கேக் எத்தனை கிலோ?"

"குத்திக் காட்டாதடா. பலகையைக் காட்டு."

தட்டிப் பார்த்தார்.

"என்னடா, ஊமையா இருக்கு?"

"அது பேசாது அத்தான். ஒட்டுன இடத்துல அப்படியே நிக்கும். எங்க அக்கா மாதிரி."

"உங்க அக்காவா பேசமாட்டா? டம்ளர் போடுற சத்தம் இங்க வரைக்கும் கேக்கலையா?"

மச்சானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரம்பத்தையும் பலகையையும் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டான்.

திறப்பு விழாவில் எழுத்துகள் ஜொலித்தன. பெரிய டாக்டர் தடவிப் பார்த்து, "முழுக்கப் பித்தளையா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது.

"மேல இருக்கிற தகடு என்னுது. தாங்கி நிக்கிறது எங்க மச்சான் கடைப் பலகை. இதோ, இவன்தான்!" என்று கூட்டம் கேட்கச் சொல்லி, அவன் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

அன்று வீட்டில் மச்சானுக்கும் சேர்த்து இரண்டு டம்ளர் டீ வந்தது. வைத்த சத்தமே கேட்கவில்லை.