கவனக்குறைவாக நடந்ததால்

முதியோர் இல்லத்தில் வேலை என்பது, ஓடக் கூடாத ஆட்களுக்குப் பின்னால் நாள் முழுக்க ஓடுவது. கல்முனைப் பக்கத்தில் அப்படியொரு இல்லத்தில் எட்டு வருஷமாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். இருபத்திரண்டு பேர். சொன்ன பேச்சைக் கேட்பார்களா என்று நீங்கள் சிரித்தால், உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். அப்படியானவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விழுந்த புத்தகம்

எங்கள் அலுவலக மேசையில் ஒரு தடித்த கொப்பி இருக்கிறது. அட்டையில் ‘பாதுகாப்பும் பராமரிப்புத் தரமும்’ என்று எழுதியிருந்தாலும், நாங்கள் அதை விழுந்த புத்தகம் என்றுதான் சொல்வோம். யார் விழுந்தாலும் பெயர், நேரம், இடம், காரணம் எல்லாம் அதில் ஏற வேண்டும். எனக்கு முன் இருந்தவர் காரணம் என்ற இடத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வசனத்தைத்தான் எழுதியிருந்தார்: ‘கவனக்குறைவாக நடந்ததால்.’ நானும் பார்த்து எழுதப் பழகிவிட்டேன். வசதியான வசனம். யாரும் கேள்வி கேட்பதில்லை.

எங்களிடம் இருக்கும் ஆசியா சாச்சி ஒருநாள் பகல் தூக்கத்தில் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தார். அடி ஒன்றுமில்லை. அவருக்கும் அதே வசனத்தை எழுதிவிட்டேன். சாச்சி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, முழுப் பக்கத்தையும் வாசித்து, கொப்பியைத் திருப்பித் தந்தார். “நித்திரையில நான் எங்க மகள் நடந்த?”

வெள்ளைப் பெட்சீட்

மேலிடத்திலிருந்து பரிசோதிக்க ஆள் வருகிறது என்றால் எங்கள் இல்லம் கல்யாண வீடாகிவிடும். பகல் சாப்பாட்டுக்குக் கோழி. அலுமாரிக்குள் பூட்டி வைத்த பெட்சீட்டுகள் வெளியே வரும். போன முறை இருபத்திரண்டு கட்டிலுக்கும் பளிச்சென்று வெள்ளை விரித்தோம். வெள்ளைத் துணியை மொத்தமாகக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு இறந்தவரைச் சுற்றும் கபன் துணி ஞாபகம் வரும் என்பதை நான் யோசிக்கவில்லை.

வந்த அதிகாரி அம்மா ஆசியா சாச்சியின் பக்கத்தில் குனிந்து, இங்கே நன்றாகப் பார்க்கிறார்களா என்று அன்பாகக் கேட்டார். சாச்சி கட்டில்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “எல்லாரையும் இண்டைக்கே அடக்கப் போறீங்களா மகள்?”

பூனை கொழுத்த கதை

சாச்சிக்குச் சீனி வருத்தம். நோன்பு பிடிக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். மார்க்கத்திலும் சலுகை இருக்கிறது என்று மௌலவி வந்து சொல்லிப் போனார். இரண்டு பேருக்கும் சாச்சி ஓம், ஓம் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பியது என் பிழை.

ஏழாம் நோன்பன்று காலை பதினொரு மணிக்குக் கதிரையிலிருந்து சரிந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கண் சொருகிவிட்டது. வாய்க்குள் சீனியைத் தடவி, டொக்டருக்கு ஆள் அனுப்பி, சாச்சி கண் திறக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. பிறகுதான் விளங்கியது. மாத்திரையை மட்டும் எடுத்து வைத்து விடியமுன் விழுங்கியிருக்கிறார். ஏழு நாளும் பகல்நேரச் சாப்பாடெல்லாம் ஜன்னல் வழியாகப் பூனைக்குப் போயிருக்கிறது. அந்தப் பூனை கொழுத்துத் திரிந்ததைத் தினமும் பார்த்தவள் நான். புத்தகத்தைத் திறந்து ‘கவனக்குறைவு’ என்று எழுதும்போது, யாருடைய கவனக்குறைவு என்று பேனா கொஞ்சம் நின்றது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. சாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நோம்பு பிடிக்கல்ல மகள். பசிக்கல்ல, அவ்வளவுதான்.”

வட்டவிதானையார்

வயல்வெளிக்கெல்லாம் வாய்க்கால் தண்ணீரைப் பிரித்துவிட்ட வட்டவிதானையார் ஒருவர் எங்களிடம் இருக்கிறார். வந்த முதல் நாளே, தொழுகைக்கு முன் கை கால் கழுவி வுழூச் செய்யும் இடத்துத் தரையின் வாட்டம் பிழை என்றார். தண்ணீர் வடிகானுக்குப் போகாமல் வாசலுக்கு வருகிறதாம். வயதானவர்கள் எதையாவது சொன்னால் நாம் தலையாட்டுவோமே, அப்படி ஆட்டினேன். அதை நான் சாச்சியிடம் பழகியிருந்தேன்.

ஐந்து நேரமும் நடக்கக் கூடியவர்கள் எல்லாரும் கால் கழுவும் இடம் அது. வட்டவிதானையார் ஒருமுறை வழுக்கினார். ‘ஈரம், கவனம்’ என்று பலகை மாட்டினோம். இரண்டாம் முறையும் வழுக்கினார். ரப்பர் விரிப்புப் போட்டோம், அது தண்ணீரில் மிதந்தது. மூன்றாம் முறை இடது மணிக்கட்டுக்குக் கட்டுப் போட வேண்டி வந்தது. நிர்வாக சபை புத்தகத்தைப் பார்த்தது. மூன்று விழுகை, மூன்றும் கவனக்குறைவு. இனி அவரை எழும்ப இயலாதவர்களின் அறையில், கம்பி அடித்த கட்டிலில் வைக்க வேண்டும், தனியாக நடக்க விடக் கூடாது, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போவதும் நிறுத்தம் என்று முடிவெடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாற்ற வேண்டும். போய்ச் சொல்ல வேண்டியவள் நான். அந்த மூன்று வசனத்தையும் எழுதியவளும் நான்தான் என்பதால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் சத்தம் போடவில்லை. “வாய்க்கால் பிழையெண்டா வாய்க்காலத்தான் மகள் வெட்டுவம். பயிரையா புடுங்குவம்?”

ஹாஜியார் வந்த அஸர்

சனிக்கிழமை எங்கள் சபைத் தலைவர் ஹாஜியார், அறையும் கம்பிக் கட்டிலும் தயாரா என்று பார்க்கத் தானே வந்தார். அஸர் தொழுகை நேரமாகிவிட்டது. வுழூச் செய்யப் போனார். அடுத்து நாங்கள் கேட்டது தொப்பென்ற சத்தம்.

ஓடிப் பார்த்தால், ‘ஈரம், கவனம்’ பலகைக்கு நேர் கீழே ஹாஜியார் தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கிறார். தொப்பி மிதந்து வாசல் பக்கம் வருகிறது. தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று முதல் நாளே சொன்ன மனிதர் ஒருவர்தான் அங்கே சிரிக்காமல் நின்றார். வட்டவிதானையார் கட்டுப் போடாத கையால் தான் ஊன்றும் பொல்லை நீட்டினார், ஹாஜியார் அதைப் பிடித்து எழும்பினார். அல்ஹம்துலில்லாஹ், உடுத்திருந்த சாரனைத் தவிர சேதமில்லை.

ஈரத்தோடே அலுவலகத்துக்கு வந்த ஹாஜியார் புத்தகத்தை எடுக்கச் சொல்லி, காரணத்தைத் தானே சொன்னார். ‘தரையின் வாட்டம் பிழையாகித் தண்ணீர் தேங்கியதால்.’ நான் ஒரு எழுத்துக் குறையாமல் எழுதினேன். வாசலில் நின்ற வட்டவிதானையார் அதை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“அப்ப என்ட மூணையும் அப்பிடியே திருத்தி எழுது மகள்” என்றார்.

நான் ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் சாரனைப் பிழிந்தார். பிறகு தரையைத் திருத்த மேசனுக்கு ஃபோன் எடுக்கும்படி சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார். “எழுதுங்க மிஸ். அந்தக் கம்பிக் கட்டிலையும் திரும்ப ஸ்டோருக்குள்ள வைங்க, அவர் இருந்த அறையிலயே இருக்கட்டும்.”

எட்டு வருஷத்தில் நான் கண்டது இதுதான்: பராமரிப்பின் தரத்தைப் பார்க்க மேலிடத்து ஆட்கள் வந்தால் மட்டும் போதாது, அவர்களில் ஒருவராவது வழுக்கி விழ வேண்டும்.