அத்தான் நிரப்பிய படிவம்

என் அக்காவின் கணவர் அறுபத்து மூன்றாம் வயதில் ஞானஸ்நானம் கேட்டபோது, இதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று முதலில் சொன்னவன் நான்தான். அதை மறைக்கப் போவதில்லை. எங்கள் சபையின் விசாரணைக் குழுவில் மூன்று பேர்: போதகர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா, நான். மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் ஒருவரைத் தண்ணீரில் இறக்குவார்கள். ஒருவர் மறுத்தாலும் விண்ணப்பம் அலமாரிக்குள் போய்விடும்.

எனக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. அடுத்தவன் எழுதியதில் தப்பு இருந்தே தீரும் என்று நம்புவதற்காகத்தான் எனக்குச் சம்பளம். அத்தான் இந்த விஷயத்தில் எனக்கே அண்ணன். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் குறிக்கிற வேலையில் சேர்ந்து, மீட்டரில் கைவைக்கிறவர்களைப் பிடிக்கிற ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு ‘மீட்டர்’ என்றே பெயர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மீட்டர் பெட்டியைப் பார்ப்பார், அப்புறம்தான் ஆளைப் பார்ப்பார். கல்யாணம் ஆன புதிதில் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர், கை கழுவுவதற்கு முன்பே என் அப்பாவிடம், “ஃபேன் ஒண்ணுதான் ஓடுது. மீட்டர்ல சக்கரம் ஏன் இந்த ஓட்டம் ஓடுது?” என்று கேட்டார். அப்பா அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரியே இல்லை. அத்தானுக்கு இரண்டு காலிலும் சேர்த்து ஆறு நாய்க்கடித் தழும்புகள் உண்டு. எந்தத் தெரு, எந்த நாய், வீட்டுக்காரர் எதை மறைக்க அதை அவிழ்த்துவிட்டார் என்பதுவரை சொல்வார்.

அவர் வளர்ந்த விதம் அப்படி. அவருடைய அப்பா கணக்கு வாத்தியார். அந்த வீட்டில் சாமி கிடையாது. எந்தச் சாமியும் கிடையாது. பரீட்சைக்குக் கிளம்பும் பிள்ளை தெரியாமல் ‘கடவுளே’ என்று முனகிவிட்டால், “யார்றா அவன்? உனக்குப் பதிலா வந்து எழுதுவானா?” என்று கேட்பாராம். எதையும் காட்டினால் நம்பு, காட்டாவிட்டால் நகர்ந்து போ. இதுதான் அந்த வீட்டுப் பாடம்.

எங்கள் வீடு இதற்கு நேரெதிர். பல் தேய்ப்பதற்கு முன் ஒரு வசனம், படுப்பதற்கு முன் ஒரு வசனம். ஐந்து வயதில் நூறு வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கினேன். அதில் பாதிக்கு இன்றைக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது என்பது வேறு விஷயம். பன்னிரண்டு வயதில் ஞானஸ்நானம் எடுத்தேன். என்னோடு படித்த பதினோரு பேரும் அதே நாளில் எடுத்தார்கள். எங்களை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அக்கா அத்தானைக் கட்டிக்கொண்டபோது அப்பா எட்டு மாதம் அவளோடு பேசவில்லை. அத்தான் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. முப்பத்து நான்கு வருடம் ஞாயிறுதோறும் அக்காவை ஸ்கூட்டரில் கூட்டி வந்து கேட்டில் இறக்கிவிடுவார். ஆராதனை முடியும்வரை வெளியே மரத்தடியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பார். “உள்ள வாங்களேன் அத்தான்” என்று கூப்பிட்டால், “உள்ள லைட்டெல்லாம் எரியுதில்ல? அப்புறம் நான் எதுக்கு?” என்பார்.

முந்தின வருடம் அக்கா போய்விட்டாள். சபைக் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு வரிசை. அப்பா, அம்மா, அதற்கடுத்து அக்கா. அவளுக்கும் மதிலுக்கும் நடுவில் இன்னும் ஒரே ஒரு ஆளுக்கு இடம். ஞானஸ்நானம் பெற்றவர்களை மட்டும்தான் அங்கே அடக்கம் செய்யலாம் என்பது சபையின் சட்டம். அந்த இடத்தை எனக்கென்று தோட்டக்காரரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்திருந்தேன்.

அடக்கம் முடிந்து மூன்றாவது மாதம், மரத்தடியில் உட்கார்ந்திருந்த மனிதர் எழுந்து உள்ளே வந்தார். கடைசி வரிசையில், ஃப்யூஸ் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்தார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. மனிதர் மதில் ஓரத்து இடத்துக்குக் குறி வைக்கிறார்.

அன்றிலிருந்து அவரை நான் கண்காணித்தேன். ஜெப நேரத்தில் அவர் கண்ணை மூடுவதில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். புதிதாக வருகிற பெரியவர்களுக்கென்று எங்கள் சபையில் வகுப்பு கிடையாது. அப்படி வருகிறவர்கள் அபூர்வம். அதனால் அவரைப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார வைத்தார்கள். முழங்கால் தாடையில் இடிக்கிற குட்டி நாற்காலியில், பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நரைத்த தலையோடு உட்கார்ந்திருப்பார். பாடம் எடுத்த கல்லூரிப் பெண்ணிடம் ஒருநாள், “பதில் வந்த ஜெபத்துக்கு சாட்சி சொல்றீங்க. பதில் வராத ஜெபத்தை எங்கம்மா எழுதி வைக்கறீங்க?” என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண், “அங்கிள், அடுத்த வாரம் சொல்றேன்” என்று தப்பித்தாள். அடுத்த வாரமும் சரியாக வந்து உட்கார்ந்துகொண்டார். இப்படிப் பதிமூன்று மாதம், ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. அழுத்தமான ஆள் என்று எனக்குச் சந்தேகம் கூடித்தான் போனது.

பிறகு படிவம் வந்தது. அதில் ஏழாவது கேள்வி: ‘எந்த வயதில் விசுவாசத்துக்குள் வந்தீர்கள்?’ அதற்கு எதிரே அத்தான், முத்து முத்தான கையெழுத்தில், ‘கதவு பூட்டு’ என்று எழுதியிருந்தார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. சபையை நக்கல் செய்கிறார் என்றே நினைத்தேன். படிவத்தைப் போதகரிடம் காட்டி, “பார்த்தீங்களா ஐயா? இவருக்கு இது விளையாட்டு” என்றேன்.

“கூப்பிட்டுக் கேட்போம்” என்றார் போதகர்.

சனிக்கிழமை மதியம் சபை அலுவலக அறையில் கூடினோம். ஒரு மேசை, இரும்பு அலமாரி, கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறி. அத்தான் உள்ளே வந்ததும் விசிறியை அண்ணாந்து பார்த்தார். பிறகுதான் எங்களுக்கு வணக்கம் சொன்னார்.

போதகர் எங்கள் எல்லோரையும்விட இளையவர். மெதுவாக ஆரம்பித்தார். “தப்பா நினைக்காதீங்க. இந்தச் சபையில நூத்தி நாப்பது பேர் இருக்கோம். இருபத்தஞ்சு வயசுக்கு மேல வந்தவங்க ஒன்பதே பேர். அறுபதுக்கு மேல யாருமே இல்ல. மத்தவங்க எல்லாம் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே அப்பா அம்மாவோட வந்தவங்க. அதனாலதான் கேக்கறோம். கதவு பூட்டுன்னா என்ன?”

“எங்க வேலையில எழுதறதுதான் ஐயா. நாம போறப்போ வீடு பூட்டியிருந்தா மீட்டரைப் பார்க்க முடியாது. அப்ப அட்டையில கதவு பூட்டுன்னு எழுதிட்டு வருவோம். உள்ள ஒண்ணுமே ஓடலைன்னு அர்த்தம் இல்ல. பார்க்க முடியலைன்னுதான் அர்த்தம்.” நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். “எனக்கு ஒன்பது வயசுல அம்மா படுத்த படுக்கையா இருந்தாங்க. பக்கத்து வீட்டம்மா வந்து, நான் ஜெபம் பண்ணட்டுமான்னு கேட்டாங்க. அப்பா கதவைச் சாத்திட்டார். நான் ஜன்னல் வழியா பார்த்தேன். அந்தம்மா போகல. வெயில்ல, தெருவுலயே நின்னு ஏதோ சொல்லிக்கிட்டிருந்தாங்க. அம்மா பிழைக்கல. ஆனா அந்தம்மா நின்னதை நான் பார்த்தேன். அதை எந்த வயசுன்னு எழுதறது? வந்தேன்னும் எழுத முடியாது, வரலைன்னும் எழுத முடியாது.”

நர்ஸம்மா மூக்கை உறிஞ்சினார். நான் இளகவில்லை. கதை சொல்ல யாருக்குத்தான் தெரியாது? சபைப் பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். “மத்தவங்க எல்லாம் எப்படி எழுதியிருக்காங்கன்னு பாருங்க அத்தான்.”

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, விரலை வரிசையாக மேலிருந்து கீழே இறக்கினார். பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினொன்று, பன்னிரண்டு, பன்னிரண்டு. பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் பன்னிரண்டு.

“மாப்ள, ஒரு தெரு முழுக்க ஒரே ரீடிங் வந்திருந்தா நாங்க என்ன நினைப்போம் தெரியுமா? ஆளு தெருப்பக்கமே போகல, டீக்கடையில உக்காந்து எழுதியிருக்கான்னு நினைப்போம்.”

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பதிவேட்டில் என் பெயரும் இருக்கிறது. முப்பது வருடம் பிழை திருத்திய கண்ணுக்கு அந்த வரிசை ஒருநாளும் உறுத்தியதில்லை. அந்த ஆத்திரத்தில்தான் மரியாதையை விட்டேன்.

“சுத்தி வளைக்க வேண்டாம் அத்தான். அக்கா பக்கத்துல இருக்கற இடத்துக்காகத்தானே இதெல்லாம்?”

அவர் மறுப்பார், அதில் பிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

“ஆமா” என்றார். “அதுக்காகத்தான் முதல்ல உள்ள வந்தேன். வேற ஒண்ணும் மனசுல இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் எப்போன்னு தெரியல. ஏதோ ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போய் சட்டையைக் கழட்டறேன், இன்னிக்கு அந்த இடத்தை நினைக்கவே இல்லையேன்னு தோணுச்சு. எனக்கே சந்தேகமா இருந்துச்சு. இன்னும் நாலு மாசம் பார்த்தேன். நினைக்கல.”

“இதை நாங்க எப்படி நம்பறது?”

அத்தான் போதகரிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். “எனக்கு ஞானஸ்நானம் மட்டும் போதும். அந்த இடம் வேண்டாம்னு எழுதித் தர்றேன். எங்கேயாவது எரிச்சுடுங்க, பரவாயில்ல.”

“அதெல்லாம் தேவையில்லைங்க” என்று போதகர் பதறினார்.

“எழுதட்டும் ஐயா” என்றேன் நான்.

எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக, மீட்டர் அட்டையில் எழுதுகிற மாதிரியே எழுதினார். மனைவியின் பெயரை எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. கையெழுத்துப் போட்டு என்னிடம்தான் நீட்டினார். வாங்கிப் படித்தேன். ஒரு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. என் பேனாவை எடுத்து அதைச் சேர்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கையை வெட்டிப் போடலாமா என்றிருக்கிறது. அன்றைக்குச் சாதாரணமாகத்தான் செய்தேன்.

போதகர் அந்தத் தாளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, வேறொரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார்.

“மதில் ஓரத்து இடத்தை நீங்க உங்களுக்குன்னு சொல்லி வெச்சிருக்கறதா தோட்டக்காரர் சொன்னார். அவர் எழுதிக் குடுத்துட்டார். நீங்களும் அதே மாதிரி ஒண்ணு எழுதிடுங்க. ரெண்டு பேருக்கும் வேண்டாம்னு ஆயிடும். அப்புறம் யார் மேலயும் யாருக்கும் சந்தேகம் வராது.”

குரலில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

நான் இந்தச் சபையில் பிறந்தவன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது என் குடும்ப வரிசை என்றும் சொல்ல நினைத்தேன். என் கையில் பேனா திறந்தபடியே இருந்தது. தாள் முன்னால் இருந்தது. நாலு வார்த்தைதான். எழுத வரவில்லை. ஐம்பத்தேழு வயது எனக்கு. அக்கா பக்கத்தில் இல்லாமல் நான் தனியாக எங்கோ கிடப்பதை நினைத்ததும் பேனாவைத் தாளில் வைக்கவே பயமாக இருந்தது. பரலோகம், உயிர்த்தெழுதல் என்று நான் மேடையேறிப் பேசியதில் ஒரு வரிகூட அப்போது துணைக்கு வரவில்லை. மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தான்தான் கையை நீட்டி அந்தத் தாளை எடுத்தார். இரண்டாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அவனைக் கேக்காதீங்க ஐயா” என்றார். “சின்ன வயசுல இந்தக் கட்டடத்துக்குள்ள வரவே பயப்படுவானாம். அவதான் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிக்கிட்டு வருவாளாம். அவளே சொல்லியிருக்கா. அவன் அவ பக்கத்துலயே இருக்கட்டும்.”

நர்ஸம்மா படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் தள்ளினார். நானும் போட்டேன். எழுத்துத் தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது.

“மனசாரத்தானே போடறீங்க? சந்தேகம் ஒண்ணும் இல்லையே?” என்று போதகர் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“அவர் மேல இல்ல ஐயா” என்றேன்.